கெர்ன் ஆற்றில் லியோட்டா பர்டிக்

கௌபாய் படங்களில் தான் எத்தனை முறை செத்தோம் என்று லியோட்டா பர்டிக் எண்ணி வைத்துக்கொண்டதில்லை. அம்பு பட்டுச் செத்தாள், காய்ச்சல் கண்டு செத்தாள், பாலைவனத்தில் கடைசி மிடறு தண்ணீரை மகளுக்குக் கொடுத்துவிட்டுச் செத்தாள். சாகாத படங்களில் மகனைப் புதைத்தாள். கம்பெனிகளில் எல்லோரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது.

நெப்ராஸ்காவில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் ஓரின் பர்டிக்கைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு வந்தாள். அவன் சுரங்கங்களுக்குச் சரக்கு வண்டி ஓட்டுபவன். அவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் நாட்களில் லியோட்டாவே லகானைப் பிடித்து, எட்டுக் கோவேறு கழுதைகளை மலையிறக்கத்தில் கொண்டுபோனாள். 1911இல் அதே இறக்கத்தில் பிரேக் கட்டை முறிந்து ஓரின் வண்டிக்கடியில் சிக்கிச் செத்தான். கட்டை தேய்ந்துவிட்டது என்று அன்று காலையில் அவள் சொல்லியிருந்தாள். இன்னும் ஒரு நடை தாங்கும் என்று அவன் சிரித்தான். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

அப்புறம் லாஸ் ஏஞ்சலீஸ். சலவைக்கூடத்தில் ஒரு வருஷம் துணி பிழிந்தாள். பிறகு படக் கம்பெனிகளுக்குக் குதிரை வாடகைக்கு விடும் ஒரு லாயத்தில் வேலை கிடைத்தது. ஒருநாள் கூண்டு வண்டியைப் படப்பிடிப்புக்கு ஓட்டிக்கொண்டு போனவளை, வராமல் போன ஒரு நடிகைக்குப் பதிலாக நிற்கச் சொன்னார்கள். கணவன் பிணத்தைப் பார்த்து அழ வேண்டும். அவளுக்கு அழுகை வரவில்லை. கவிழ்ந்து கிடந்த வண்டியைப் பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான். காமிராக்காரர் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவேயில்லை. அடுத்த வாரமே மறுபடி கூப்பிட்டார்கள். பத்து வருஷத்தில் அறுபது படங்களுக்கு மேல் ஆயிற்று.

1923 மே மாதம் கெர்ன் ஆற்றங்கரையில் பெரிய படம் ஒன்று எடுத்தார்கள். பதினோரு கூண்டு வண்டிகள் வரிசையாக ஆற்றைக் கடக்க வேண்டும். டைரக்டர் கான்ராட் வெசல் அதுவரை மாளிகையும் விருந்துமாகப் படம் எடுத்தவர். முதல் வண்டி லியோட்டாவுடையது. பக்கத்தில் மகளாக நடிக்கும் மேவிஸ் டெல், இருபது வயது, நீச்சல் தெரியாது. இரண்டாவது வண்டியை ஓட்டியவன் யூவெல் ஸ்ட்ரௌட் என்ற வண்டிக்காரன்.

காலை எட்டு மணிக்கு லியோட்டா நீர்மட்டத்தில் ஒரு குச்சியை ஊன்றி வைத்தாள். வெயில் ஏற ஏற மலையில் பனி உருகும், மத்தியானத்துக்கு மேல் ஆறு ஏறும். அவளுக்கு அது தெரியும். வெசல் மேகம் விலகட்டும் என்று காத்திருந்தார். மூன்று மணிக்கு மேகம் விலகியபோது குச்சியைக் காணவில்லை.

லியோட்டா நேரே அவரிடம் போனாள். தண்ணீர் ஒரு முழம் ஏறிவிட்டது, நாளைக் காலையில் இறங்கலாம் என்றாள். வெசல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெளிச்சம் நாளைக்கு வரும்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அந்தப் பொண்ணையாவது இறக்கிடுங்க. வைக்கோல் பொம்மைக்கு அவ தொப்பியை மாட்டி உக்கார வெக்கலாம்."

"காமிரா முகத்துக்கு நேரா இருக்கு. உங்களுக்குப் பயமா இருந்தா நீங்க இறங்கிக்கங்க. ஓட்ட ஆள் இருக்கு."

அந்த ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். முந்தின வாரம் சமதரையிலேயே வண்டியைச் சாய்த்தவன். தான் இறங்கினால் மேவிஸ் அவனோடு போவாள். லியோட்டா தன் வண்டிக்குத் திரும்பினாள்.

குதிரைகள் பார்வைக்கு ஒரே சீராக இருக்க வேண்டும் என்று வெசல் ஒவ்வொன்றின் தலையையும் மார்போடு வார் போட்டு இழுத்துக் கட்டச் சொல்லியிருந்தார். மூக்கை மேலே தூக்க முடியாத குதிரை ஆழத்தில் நீந்தாது. லியோட்டா தன் நான்கு குதிரைகளின் வார்களையும் அவிழ்த்து வண்டிக்குள் வீசினாள். ஸ்ட்ரௌடிடமும் அவிழ்க்கச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாயைத் திறந்து ரெண்டு கம்பெனியில வேலை போச்சும்மா எனக்கு. அவர் பாத்துக்கிட்டே இருக்காரு."

வெசல் ஏற்கெனவே கயிற்றுப் படகில் அக்கரை போய், காமிரா பக்கத்தில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வண்டிக்குக் கொடி அசைந்தது. லியோட்டா ஸ்ட்ரௌடின் குதிரைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

"செருப்பைக் கழட்டு," என்றாள் மேவிஸிடம். "பாவாடை முடிச்சைத் தளர்த்திக்க. கூண்டுக் கம்பியைப் பிடி. என்ன ஆனாலும் என் கையை மட்டும் பிடிச்சிடாதே."

"கவுந்துடுமா அம்மா?"

"தெரியலம்மா."

முதல் இருபது அடி சக்கரம் கல்லில் உருண்டது. பிறகு சத்தமே இல்லை. வண்டி மிதக்கத் தொடங்கியிருந்தது. பனித்தண்ணீர் இடுப்பைக் கவ்வியது. முன்குதிரைகள் இரண்டும் நீரோட்டத்தின் பக்கம் திரும்பின. அவற்றை நேராக இழுத்தால் வண்டி குறுக்கே விழுந்து புரளும். லியோட்டா லகானைத் தளரவிட்டாள். நீந்தட்டும், போகிற போக்கில் கரையேறட்டும் என்று விட்டாள். மேவிஸின் பற்கள் அடித்துக்கொள்வது அவள் காதில் கேட்டது. அந்தப் பெண் கம்பியை விடவில்லை. காமிரா இருந்த இடத்துக்கு வெகுதூரம் கீழே ஒரு மணல் திட்டில் குதிரைகளுக்குக் கால் எட்டியது.

கரையேறித் திரும்பிப் பார்த்தாள். ஸ்ட்ரௌடின் வண்டி நடு ஆற்றில் இருந்தது. அவனுடைய முன்குதிரைகள் மூக்கைத் தூக்கப் பார்த்தன, முடியவில்லை. இடது குதிரை அமிழ்ந்தது, கூடவே மற்றதையும் இழுத்தது. வண்டி மெதுவாகச் சாய்ந்து கவிழ்ந்தது. உதவிக்குக் கரையில் கயிறு பிடித்து நின்றவர்கள் ஸ்ட்ரௌடை இழுத்துப் போட்டபோது அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

காமிராக்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. வெசல் குரல் பெருக்கும் தகரக் குழலை வாயில் வைத்து மூன்றாவது வண்டியை இறங்கச் சொன்னார்.

லியோட்டா மணலில் வெறுங்காலோடு ஓடி வந்து அந்தக் குழலை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"யாரும் இறங்காதீங்க," என்று அக்கரையைப் பார்த்துச் சொன்னாள். "ஸ்ட்ரௌடுக்குக் கால் போச்சு. குதிரைங்க செத்துப்போச்சு. வண்டியை விட்டு எறங்கி நில்லுங்க."

ஒன்பது வண்டிக்காரர்கள். எல்லோரும் லகானைப் பிடித்தபடி வெசலைப் பார்த்தார்கள். வெசல் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவள் குழலை விடவில்லை. மூன்றாவது வண்டிக்காரன், ப்ரூயட் என்ற கிழவன், லகானைச் சுற்றிக் கட்டிவிட்டுக் கீழே குதித்தான். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள்.

"இனிமே எந்தக் கம்பெனி வாசல்லயும் நீங்க நிக்க முடியாது," என்றார் வெசல். குரலை உயர்த்தவில்லை.

அவர் சொன்னபடியே நடந்தது. நான்கு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. லியோட்டா பழைய சலவைக்கூடத்துக்கே போனாள். படம் வந்தது. வண்டி கவிழும் காட்சிக்கு ஜனங்கள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பேக்கர்ஸ்ஃபீல்டில் இருந்த ஸ்ட்ரௌடைப் பார்க்கப் போனபோது, பார்த்தே ஆக வேண்டும் என்று அவன் அவளையும் தியேட்டருக்கு அழைத்துப் போனான். திரையில் ஆறு தெரிந்ததும் ஊன்றுகட்டைகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அவளும் கூடவே வெளியே வந்தாள்.

"நீங்களே எறங்கி என் குதிரை வாரை அவுத்திருக்கலாம்," என்றான் நடைபாதையில்.

"அவுத்திருக்கலாம்."

வீடுவரை மெதுவாக நடந்தார்கள்.

பிறகு படங்கள் பேசத் தொடங்கின. அழகான முகங்கள் பல குரல் சரியில்லாமல் வீட்டுக்குப் போயின. லியோட்டாவின் வறண்ட, தாழ்ந்த குரல் சின்னக் கம்பெனிகளுக்குப் பிடித்துப்போனது. அவளை மறுபடி கூப்பிட்டார்கள். ஷெரீஃபின் தாய், விடுதிக்காரி, துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் விதவை. ஷாட் தொடங்குமுன் அவள் வரிசை நெடுகப் போய் ஒவ்வொரு குதிரையின் வாரையும் தொட்டுப் பார்ப்பாள். யாருடைய வண்டி என்று பார்க்கமாட்டாள். இறுகியிருந்தால் தானே அவிழ்த்துவிடுவாள். டைரக்டர்கள் முணுமுணுப்பார்கள். சிலர் அடுத்த படத்துக்குக் கூப்பிடவில்லை.

1941இல் கடைசிப் படம், மூன்று வரி வசனம். மூன்று வருஷம் கழித்து பர்பேங்கில், தன் வீட்டிலேயே, தூக்கத்தில் போனாள். அடக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் வண்டிக்காரர்கள். ஒஹையோவிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து சேர்ந்த மேவிஸ் டெல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாதிரியார் அவளைப் பார்த்து, மகளா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.