முட்டைக்கோஸ் வாடைக்கு நடந்த கூட்டம்

பிள்ளைகளா, ஆபீஸில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, செய்த வேலையில் எங்கே தப்பு என்று மனம்விட்டுப் பேசுகிறீர்களாம். நல்ல பழக்கம்தான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று எழுதிவைக்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையிலும் துரை, அதாவது மேலாளர், அப்படி ஒரு கூட்டத்தை ஆரம்பித்தார். உள்ளதைச் சொல்லுங்கள், தண்டனை கிடையாது என்றார். நடத்தும் பொறுப்பைக் கணக்கெழுதும் கிராணியிடம் விட்டார்.

ஒருமுறை தூள் முழுக்க முட்டைக்கோஸ் நாற்றம். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும். கொழுந்து ஏற்றும் லோரியில் கிராணி தன் மச்சானுடைய கோஸை லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குத் தோட்டத்திலிருந்து ஏற்றிவந்ததும், கழுவாமலே அதில் கொழுந்தைக் கொட்டியதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். பலகை இடுக்கில் அழுகல் இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் நான் லோரியைப் பற்றி வாயெடுத்தேன்.

"அது வெளி விஷயம் தம்பி. இங்க நம்ம தப்ப மட்டும் பேசுவோம் லா," என்றார் கிராணி, பிஸ்கட்டை மென்றுகொண்டே.

காலையில் லோரியருகே மூக்கைப் பொத்தியவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், தூள் சலிக்கும் அக்கா தலைக்கு எண்ணெய் அதிகம் வைக்கிறாள் என்று இழுத்தார். கொழுந்து உலர்த்தும் அடுப்புக்காரர் ஆமாம் போட்டார். பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் தேங்காயெண்ணெய்தான் காரணம் என்று ஆகிவிட்டது.

அந்த அக்கா மலைச்சரிவில் விழுந்து கால் முறிந்தவர். ஏற முடியாது என்றுதான் உள்வேலை கொடுத்திருந்தார்கள். அவரை வெளியே சரிவில் புல் வெட்ட அனுப்பலாமா என்று கிராணி எல்லாரையும் கேட்டார்.

அக்கா உட்கார்ந்தபடியே சொன்னார்: "எண்ண வாசத்துக்கும் கோஸ் நாத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கா ஐயா உங்களுக்கெல்லாம்? சளி புடிச்சிருந்தா சொல்லுங்க. வீட்டுல எண்ண மிச்சம் இருக்கு, தேச்சு விடுறேன்."

அனுப்பலாம் என்று கைகள் உயர்ந்தன. நான் தூக்கவில்லை, ஆனால் அதனால் அக்காவுக்கு ஒரு பயனும் இல்லை. பிறகு கைதட்டினார்கள். தண்டனை இல்லையாம், தொழிலாளர்களே சேர்ந்து எடுத்த முடிவாம். பயந்து வாயை மூடியவனைக்கூட மன்னிக்கலாம். பொய்யென்று தெரிந்தே கைதட்டியவர்களை இன்றும் மன்னிக்க முடியவில்லை.

வேலை விட்டதும் அக்காவுக்கு ஒதுக்கிய சரிவுக்கு மண்வெட்டியோடு போனேன். மழைக்குக் களிமண் வழுக்கியது. ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுத்து வைக்கத் தோதாக, தாழ்வாகவும் நெருக்கமாகவும் படி வெட்டிக்கொண்டே ஏறினேன்.