மூன்று நாள் பிரிக்கக் கூடாத கட்டு

இடது கால் பெருவிரலுக்குக் கீழே எனக்கு ஒரு புண் வந்தது. தறி மிதியில் உராய்ந்து வந்ததுதான். சர்க்கரை இருப்பதால் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஆரணியில் ஒரு டாக்டர் சொன்னார். அன்றோடு என் தூக்கம் போயிற்று. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான்; மிதிக்கக் கால் இல்லையென்றால் வேறு தொழில் தெரியாது.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் புதுக் களிம்பு ஒன்றைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மஞ்சளின் சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது, அரைத்துப் பூசினால் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். அதனால் செடியிலிருந்து எடுத்த பொருளில் கண்ணுக்கே தெரியாத நானோ துகள்கள் செய்து, சத்தை அதற்குள் வைத்திருக்கிறார்களாம். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து புண்ணில் இறங்க வேண்டும். இறங்குகிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. ஒரு முறை கட்டினால் அங்கே வந்து மாற்றும்வரை மூன்று நாள் கட்டைப் பிரிக்கவே கூடாது.

எனக்கா பொறுமை? மறுநாளே பிரித்தேன். புண் குறைகிறதா என்று தெரிய வேண்டுமே. ஒரு பட்டு இழையைப் புண்மேல் வைத்து, அந்த அளவுக்கு வெட்டி, காலண்டரில் ஒட்டினேன். பிறகு பழையபடி கட்டிக்கொண்டேன். தினமும் இதே வேலை.

"புண்ணா அது, பொடவையா? அளந்துகினே இருக்கீங்க" என்றாள் மனைவி.

இரண்டாவது வாரம் கட்டு மாற்றப் போனபோது புண்ணின் ஓரம் தடித்திருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல, நிறுத்திவிடலாமா என்று டாக்டரம்மா நர்சிடம் கேட்டுக்கொண்டே, இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அரக்கு நிறத்தில் ஒரு பட்டு நூல். எப்படி வந்தது என்றார்.

தறி வீட்டில் நூல் பறக்காதா என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனால் சொல்லாவிட்டால் பழி மருந்தின் மேல் விழும்.

"மருந்து மேல தப்பு இல்லீங்கம்மா. நான்தான் தெனமும் பிரிச்சு, நூலு வெச்சு அளந்துகினு இருந்தேன்."

அவர் திட்டவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"சோதனையில உங்கள வெச்சுக்கறதான்னு மேல கேக்கணும். எப்படியிருந்தாலும் புண்ணுக்கு நாங்க பாப்போம். இனிமே பிரிக்காம இருப்பீங்களா?"

"இருப்பேங்க."

புதுக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் கை பரபரத்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றேன். கட்டைத் தொடவில்லை. நான்காம் நாள் மருத்துவமனையில் பிரித்தபோது தடிப்பு வற்றியிருந்தது. புண் ஆறவில்லை. சோதனையைப் பற்றி மேலிருந்து இன்னும் பதில் வரவில்லை என்றார்கள். விரல் தப்புமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அடுத்த மூன்று நாளுக்குக் கட்டுங்க என்று காலை நீட்டினேன்.