முதல் வரிசைக்காரன்

வெளிநாட்டு வழிகாட்டி நூல் ஒன்று ஆண்டுதோறும் நம் நாட்டுத் தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்களைத் தரம் பிரித்து வெளியிடுகிறது. தேர்வு முறை எளிது. அதே துறையில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, உங்களால் ஒரு வழக்கை எடுக்க முடியவில்லை என்றால் யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேட்பார்கள். அதிகம் பேர் சொல்லும் பெயர் முதல் வரிசை. அடுத்தது இரண்டாம் வரிசை. அதற்கும் கீழே ‘கவனிக்கத் தக்கவர்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. கல்யாண வீட்டின் கடைசிப் பந்தி மாதிரி. சோறு கிடைக்கும், அப்பளம் தீர்ந்திருக்கும். நான் தொழிலில் இருந்த காலம் முழுவதும் அந்தக் கடைசிப் பந்தியில்கூட எனக்கு இலை விழவில்லை.

இந்த ஆண்டுப் பட்டியல் வந்த அன்று எங்கள் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு பூங்கொத்துகளால் நிறைந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் யாரும் என்னைக் குழுவிலிருந்து நீக்கவில்லை. நானும் விலகவில்லை, விலகினால் யாராவது ஏன் என்று கேட்பார்களா என்பது சந்தேகம். முதல் வரிசையில் மறுபடியும் என் பழைய நண்பன், கிள்ளான்காரன். நானும் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். உடனே அனுப்பினால் காத்திருந்தேன் என்று நினைப்பான் என்பதால் மாலைவரை பொறுத்து அனுப்பினேன்.

அவனும் நானும் ஒரே காலத்தில் வழக்கறிஞர்களானவர்கள். இருவரும் தொழிலாளர் பக்கம்தான் நின்றோம். என் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குவாட்டர்ஸில் கால அட்டவணைக்கு நடுவே வளர்ந்தவன் நான். எந்த மனுவையும் நான் காலம் தாழ்த்தித் தாக்கல் செய்ததில்லை. அவன் கிள்ளானை அடுத்த காப்பாரிலிருந்து வந்தவன். கிள்ளானில் பூமாலைக் கடைக்கு மேலே அலுவலகம். கட்சிக்காரர்களின் ஆவணங்களை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் பிளாஸ்டிக் பைகளில் வைத்திருப்பான். நீதிமன்றத்தில் ஒரு பக்கத்தைத் தேட ஆரம்பித்தால் பையிலிருந்து பழைய ரசீது, மூக்குக்கண்ணாடி எல்லாம் வரும், ஒருமுறை பாதி சாப்பிட்ட வடையும் வந்தது. விசாரித்த நீதிமன்றத் தலைவர் சிரித்தார். எனக்கு எந்தத் தலைவரும் சிரித்ததில்லை.

அந்த நூலின் ஆட்கள் என்னைக் கேட்ட ஆண்டுகளில், சிங்கப்பூருக்குக் குடிபோய்விட்ட ஒருவரின் பெயரைச் சொல்வேன். அவருக்கு இங்கே போட்டியில்லை, எனக்கும் அவரோடு போட்டியில்லை.

பட்டியல் வந்த சில வாரங்களில் என் மகளுக்கு வேலை போயிற்று. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்த்தாள். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவள் பிரிவின் வேலை. ஒரு பேட்ச் அளவுக்கு மீறி ஒழுகியது. அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட அவள் மறுத்தாள். மேலாளரின் உத்தரவை மீறினாள் என்று நீக்கிவிட்டார்கள். அவளுக்கு நஷ்டஈட்டில் ஆசையில்லை. அந்த வேலை வேண்டும், அதே மேசை வேண்டும்.

வழிமுறை எனக்கு மனப்பாடம். முதலில் தொழில் உறவுத் துறையில், மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி முறையிட வேண்டும். அவர்கள் இரு தரப்பையும் சமரசக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். அங்கே தீராவிட்டால்தான் நீதிமன்றம். முறையீட்டுக்கு நாலு வரி போதும். நான் அதனோடு ஒரு நீண்ட வாதத்தையும் எழுதி இணைத்து அனுப்பினேன், அதன் நகல் கம்பெனிக்கும் போகும். முன்தீர்ப்புகள், அடிக்குறிப்புகள், எல்லாம். சொந்த மகள் என்றதும் கை நீண்டுவிட்டது.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்.

“கூட்டத்துக்கு முன்னாடி ஒரு லாயரைப் பாக்கணும் ப்பா.”

“நான் யாரு, மெக்கானிக்கா?”

“நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. கோர்ட்டுக்குப் போனா உங்களால நிக்க முடியாது இல்ல?”

அது உண்மை. கோலாலம்பூரில் இரண்டு பேர், காஜாங்கில் ஒருவர் என்று மூன்று பெயர்கள் சொன்னேன்.

“கிள்ளான் அங்கிள் பேரைக் காணோம்?”

“அவன் பிஸி.”

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “பிஸியெல்லாம் இல்லையாம். நேத்தே போன் பண்ணிட்டேன். சனிக்கிழமை வரச் சொன்னாரு.”

சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனோம். மாடிப்படியெங்கும் மல்லிகை வாசம். அவன் அறையில் பிளாஸ்டிக் பைகள் அதே பழைய நிலையில் இருந்தன. சுவரில் மட்டும் புதிதாக ஒரு கண்ணாடிச் சட்டம், முதல் வரிசைச் சான்றிதழ். கொஞ்சம் கோணலாக மாட்டியிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நான் எழுதிய வாதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“முழுக்கப் படிச்சேன்யா. பிரமாதம். கம்பெனி லாயரும் ரசிச்சுப் படிச்சிருப்பான். நம்ம கையில இருக்கற சீட்டெல்லாம் அவனுக்குக் காட்டிட்டியே.”

எனக்குக் காது சுட்டது. இதை எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. முறையீட்டில் அளவோடு எழுதுங்கள் என்று இளம் வழக்கறிஞர்களுக்கு வகுப்பெடுத்தவனே நான்தான்.

அவன் என் மகள் பக்கம் திரும்பினான். “பாப்பா, அந்த கையுறையெல்லாம் இப்ப எங்க இருக்கு?”

“தெரியல அங்கிள். லோரியில ஏத்துனாங்களாம். அப்புறம் கீழ இறக்கிட்டாங்களாம். ஃப்ரெண்ட் சொன்னா.”

“ஏன் இறக்குனாங்க?”

“யாரும் வாயத் திறக்கல.”

அவன் நாற்காலியில் சாய்ந்தான். “அப்ப இதைக் கேட்டுக்கோ. கூட்டத்துல அவங்க என்ன சொன்னாலும், எனக்கு என் வேலை வேணும்னு சொல்லு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி. அந்த பேட்ச் எங்க இருக்கு? கேட்டுட்டு சும்மா இரு. அவங்க பேசட்டும்.”

“அவ்வளவுதானா?” என்றேன் நான்.

“வேற என்னய்யா வேணும்?”

திரும்பும் வழியில் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபோது என் வாதத்தை மனத்துக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். சட்டபூர்வமான உத்தரவு எது, நியாயமான மறுப்பு எது, எல்லாம் இருந்தது. ஒழுகிய கையுறைகள் என்ன ஆயின என்று நான் எங்கும் கேட்டிருக்கவில்லை. அனுப்பாமல் இறக்கி வைத்திருந்தால், அவள் மறுத்தது சரி என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரி. அதைவிட எரிச்சல், அவன் இதற்காக யோசித்ததாகவே தெரியவில்லை.

சமரசக் கூட்டம் ஷா ஆலாமில் நடந்தது. அந்த அறைக்குள் வழக்கறிஞர்களுக்கு அனுமதியில்லை. தொழிலாளியும் கம்பெனி ஆளும் அதிகாரியும் மட்டும் பேசுவார்கள். வண்ணத் தாள்களால் பிரித்த கோப்பு ஒன்றை மகளுக்காகத் தயாரித்திருந்தேன். கதவருகே அவள் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“நீங்களே வச்சுக்கங்க ப்பா. கையில இருந்தா பாத்துக்கிட்டே இருப்பேன்.”

அவள் உள்ளே போனாள். துணைக்கு வந்திருந்த என் நண்பனும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கம்பெனியின் இளம் பெண் வழக்கறிஞரும் அங்கேதான் காத்திருந்தார். என் நண்பனைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“சார், கங்கிராட்ஸ்! மறுபடியும் டாப்ல வந்துட்டீங்க.”

“எல்லாம் சதி லா,” என்றான் அவன். பிறகு என் பக்கம் கையைக் காட்டினான். “இவரு பாப்பாவோட அப்பா.”

அந்தப் பெண் என்னைப் பார்த்து இரக்கத்தோடு புன்னகைத்தார். “கவலப்படாதீங்க அங்கிள். இது கோர்ட் இல்ல, சும்மா பேசுவாங்க. இப்படித்தான் ப்ரொசீஜர்.”

நான் நன்றி சொன்னேன். என் நண்பன் நாளிதழை விரித்துக்கொண்டு கண்ணை மூடினான். இப்படிப்பட்ட பெஞ்சில் அவனுக்குத் தூக்கம் வருவதையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன்.

கதவு திறந்தது. கம்பெனியின் மனிதவள மேலாளர் வெளியே வந்தார். தாழ்வாரக் கோடிக்கு நடந்துபோய் யாருக்கோ போன் செய்தார். “பேட்ச்... அதான், அந்த பேட்ச்தான்... அப்ப எனக்கு ஏன் சொல்லல?” என்ற சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. இளம் வழக்கறிஞர் எழுந்து அவரிடம் ஓடினார். இருவரும் சுவரைப் பார்த்தபடி தணிந்த குரலில் பேசினார்கள். மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். என் நண்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் என் மகள் வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

“அங்கிள்! வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. அதே செக்‌ஷன்.”

“அப்பாகிட்ட சொல்லு,” என்றான் அவன்.

அவள் என் பக்கம் திரும்பி அதையே எனக்கும் சொன்னாள். நான் கேட்டேன். “பழைய சர்வீஸ் தொடரும்னு எழுத்துல இருக்கா? இல்ல, புதுசா சேர்ந்த மாதிரி எடுத்துக்கிறாங்களா?”

அவள் விழித்தாள். “தெரியலயே ப்பா. கையெழுத்துப் போடணும், பேப்பர் அடிக்கிறாங்க.”

நாளிதழ் கீழே இறங்கியது. “அடடா,” என்றான் என் நண்பன். “அத நான் சொல்ல மறந்துட்டேன்.”

அவன் மறந்தது எனக்குத் தந்த சந்தோஷம், மகளுக்கு வேலை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தை ஒரு கணம் முந்திக்கொண்டு ஓடியது.

“போய்ச் சொல்லு,” என்றேன் அவளிடம். “சர்வீஸ் முறியாம தொடரணும். நீக்குன நாள்லேருந்து சம்பளம் வரணும். ரெண்டும் எழுத்துல இல்லாம கையெழுத்துப் போடாத.”

அவள் உள்ளே போனாள். கிடைத்ததை நானே கெடுத்துவிட்டேனோ? மேலாளர் மனம் மாறிவிட்டால்? பக்கத்தில் அவனும் இப்போது தூங்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு தாளோடு வந்தாள். இந்த முறை என் முன்னால் வந்து நின்று அதை நீட்டினாள். “ஒத்துக்கிட்டாங்க ப்பா. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்க பாத்துடுங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மலாய் வாசகத்தை வரி வரியாகப் படித்தேன். சேவைக்காலம் இருந்தது. சம்பளம் இருந்தது. தேதி சரி, அடையாள அட்டை எண் சரி. அவன் பெஞ்சில் நகர்ந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவனுடைய கண்ணாடி வழக்கம்போல ஏதோ ஒரு பையின் அடியில் இருந்திருக்க வேண்டும்.

“சரியா இருக்காய்யா?” என்றான்.

நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.