ராத்கா சீல் வைக்காத கடிதம்

ராத்கா அந்த நுண்ணுயிரியல் கழகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. வேதியியலில் இரண்டு வருடம் படித்து, வயிற்றில் பிள்ளை வந்ததும் நிறுத்தியவள். தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது. ஆறு இயக்குநர்கள் வந்து போனார்கள். ராத்காவும் வட்ட முத்திரையும் மட்டும் அதே மேசையில் இருந்தார்கள். சோபியா நகரத்தில் முத்திரை இல்லாத காகிதத்தை யாரும் காகிதமாகவே மதிப்பதில்லை. அதனால் பேராசிரியர்கள்கூட அவள் மேசையருகே வந்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள்.

அறிவியல் கழகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வருடத்துக்கு ஒரு பதக்கம் உண்டு. அதற்கான பரிந்துரைக் கடிதங்களை முப்பத்தொரு வருடமாக ராத்காதான் தட்டச்சு செய்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் பழைய கோப்புகளைப் பெட்டியில் கட்டும்போது எல்லாவற்றையும் ஒருசேரப் படிக்க நேர்ந்தது. இருபத்திரண்டு கடிதங்கள். பத்தொன்பது ஆண்களுக்கு, மூன்று பெண்களுக்கு. ஆண்களுக்கானவற்றில் ‘துணிச்சல்’, ‘முதன்முதலில்’, ‘தனியொருவராக’ என்ற சொற்கள் தரையில் ஆணி அடித்ததுபோல் நின்றன. பெண்களுக்கானவற்றில் ‘பொறுப்பானவர்’, ‘எல்லோருக்கும் உதவுபவர்’. ஒன்றில், அந்த அம்மாள் சுட்டுக் கொண்டுவரும் பனீத்ஸா கழகம் முழுக்கப் பிரசித்தம் என்றுகூட இருந்தது. பாலாடைக்கட்டி வைத்த அந்த அப்பத்துக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. மூன்றுமே திரும்பி வந்துவிட்டன.

அன்று மாலை டிராம் ஓட்டும் கணவன் பொஷிதாரிடம் சொன்னாள். ஒவ்வொரு அக்டோபரும் வானொலியில் உலகத்தின் பெரிய பரிசுகளை அறிவிக்கும்போது, "இந்த வருஷமும் டை கட்டினவங்கதான்" என்று சிரிப்பவன் அவன். இந்த முறை சிரிக்கவில்லை.

"உன் ஆபீஸ்ல டை கட்டாம யாராச்சும் எதாச்சும் கண்டுபிடிச்சிருக்காங்களா?"

"நெவேனா கண்டுபிடிச்சிருக்கா."

"அப்புறம் என்ன, எழுதச் சொல்லு."

நெவேனா வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து, கொதிக்கும் சூட்டிலும் கெட்டுப்போகாத நொதியைப் பிரித்தெடுத்தவள். நான்கு நாட்டு ஆய்வகங்கள் இன்று அதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. அவளோ நடைவழியில் சுவரை ஒட்டி நடப்பாள். தன் பெயரைத் தானே சொன்னால் தண்டனை கிடைக்கும் என்று நினைப்பவள் போல.

ஜனவரியிலேயே ராத்கா விண்ணப்பப் படிவத்தை இயக்குநர் அசென் கர்வாலோவின் மேசையில் வைத்தாள். "நெவேனாவா? அடடா, இத்தனை நாளா யாருக்கும் தோணலையே" என்று உண்மையாகவே மகிழ்ந்தார் அவர். நல்ல மனிதர். மார்ச் எட்டு, மகளிர் தினம் வந்தால், கழகத்தின் நாற்பத்துமூன்று பெண்களுக்கும் தன் கையாலேயே வாழ்த்து அட்டை எழுதி, கார்னேஷன் பூவோடு கொடுப்பார். அந்த நல்ல மனதில்தான் சிக்கல் வந்தது. பரிந்துரைக்குக் கடைசி நாளும் மார்ச் எட்டு. தள்ளித் தள்ளிப் போட்டு, அன்று காலை நாற்பத்துமூன்று அட்டைகளை எழுதி முடித்த அதே நாற்காலியில், அதே பேனாவில், கடிதத்தையும் எழுதிவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அதை ராத்காவிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று டையைச் சரிசெய்தார். ஒரு மணிக்கு உணவகத்தில் விருந்து. நடைவழியில் பெண்கள் கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் ஆளுக்கொரு பூவோடு பேருந்துக்குக் காத்திருந்தார்கள். ராத்கா படித்தாள். மறுபடியும் படித்தாள். முத்திரையை இழுப்பறைக்குள் திரும்ப வைத்தாள்.

"என்ன ராத்கா, இன்னும் சீல் வைக்கலையா?"

"வாழ்த்து அட்டைக்கெல்லாம் நாம சீல் வைக்கிறதில்லையே, புரொபசர்."

"அது பரிந்துரைக் கடிதம்."

"அப்படியா? படிக்கிறேன், கேளுங்க. ‘எங்கள் ஆய்வகத்தின் வசந்தம் நெவேனா. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, முகம் சுளிக்காமல், இளையவர்களுக்கு ஒரு தாயாக...’"

"இதுல என்ன பொய் இருக்கு?"

"பொய்யே இல்ல. அவ என்ன கண்டுபிடிச்சான்னு எங்க இருக்கு?"

"கடைசிப் பத்தியில பாரு."

"கடைசிப் பத்தியில ‘இந்த இனிய நாளில் உடல்நலமும் மகிழ்ச்சியும் பெருகட்டும்’னு இருக்கு."

கதவருகே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கர்வாலோவ் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

ராத்கா விடவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அதே பதக்கத்துக்காக, சக ஆய்வாளர் காமெனுக்கு அவரே எழுதிய கடிதத்தை எடுத்து நீட்டினாள். "இத படிங்க. ‘யாரும் நுழையத் துணியாத இடத்தில் தனியொருவராக நுழைந்தவர்.’ நல்லாத்தானே எழுதியிருக்கீங்க? காமெனுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"காமெனுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"மூணு. கடிதத்துல ஒண்ணுகூட இல்ல. பதக்கம் வந்துடுச்சு."

கர்வாலோவ் டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, புதுசா எழுதுவோம். ஆனா அந்த நொதி விவரமெல்லாம் எனக்கு முழுசாத் தெரியாதே. நெவேனாவைக் கூப்பிடு."

நெவேனா பூவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னாலேயே நடைவழிப் பெண்கள் பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். பேருந்து ஓட்டுநர் கீழே ஹாரன் அடித்தார். "அண்ணே, சூப்பு ஆறினாப் பரவாயில்ல, இருங்க" என்று ஜன்னல் வழியாக ஒருத்தி கத்தினாள்.

"சொல்லும்மா, எப்படிச் செஞ்சே?" என்றார் கர்வாலோவ்.

"அது... எல்லாரும் சேர்ந்துதான், புரொபசர். குழுவா..."

"இரு, நான் கேக்கிறேன்" என்றாள் ராத்கா. விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டாள். "ஊத்துத் தண்ணிய எடுத்தது யாரு?"

"நான்."

"முப்பத்தாறு தடவ தோத்தது யாரு?"

"நான்."

"முப்பத்தேழாவது தடவ ஜெயிச்சது?"

"நாங்க."

அறையே அதிர்ந்தது. ஓர் அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. நெவேனா முதலில் விழித்தாள். பிறகு தான் சொன்னது தனக்கே எட்டி, பூவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து ராத்கா அன்றுவரை பார்த்ததில்லை. அதன்பின் கேட்டதற்கெல்லாம் பதில் ஊற்றுபோல் வந்தது. கர்வாலோவ் சொல்லச் சொல்ல ராத்கா அடித்தாள். ‘துணிச்சல்’ வந்த இடத்தில் பெண்கள் கை தட்டினார்கள். இரண்டரை மணிக்குக் கையெழுத்து ஆனது. ராத்கா முத்திரையை மையில் ஒற்றி, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, உடம்பின் எடையையெல்லாம் கொடுத்து அழுத்தினாள்.

பதக்கப் பரிந்துரைகளை வாங்கும் பதிவு அலுவலகம் நகரத்தின் மறுகோடியில், நான்கு மணி வரை. மகளிர் தினத்தன்று சோபியாவில் டாக்சி கிடைக்காது. எல்லா ஆண்களும் பூங்கொத்தோடு எங்கேயோ தாமதமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். மற்றவர்களை விருந்துக்கு அனுப்பிவிட்டு, கடிதத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ராத்கா டிராமில் ஏறினாள்.

போய்ச் சேர்ந்தபோது நான்குக்குப் பத்து நிமிடம். அலுவலகத்தில் ஒரே ஓர் ஆள், நரைத்த மீசைக்காரர், அலமாரிக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"பெண்களையெல்லாம் பன்னெண்டு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டோம், அவங்க நாளாச்சே" என்றார் பெருமையாக. உடனே குரல் தணிந்தது. "வர்ற கடிதத்தையெல்லாம் குறிக்கிற பதிவேடு எங்க இருக்குன்னுதான் தெரியல. அவங்க போனதுலேர்ந்து ஏழு பேர் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. திங்கக்கிழமை வர்றீங்களா?"

"திங்கக்கிழமைன்னா செல்லாது, ஐயா."

"நான் என்ன பண்ணட்டும்? பதிவேடு இல்லாம நம்பர் போட முடியாதே."

ராத்கா அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் மேசை. ஜன்னலோரம் ஜெரேனியம் தொட்டி. நாற்காலியில் முதுகுக்கு வைக்கும் சின்னத் தலையணை. தொட்டியை நகர்த்தினாள், அடியில் சாவி இருந்தது. இரண்டாவது இழுப்பறையைத் திறந்தாள். கைக்குப் பூசும் கிரீம், பாதி தின்ற சாக்லேட், அவற்றுக்குக் கீழே பதிவேடும் தேதி முத்திரையும்.

மீசைக்காரர் வாய் பிளந்தார். "நீங்க இங்க முன்னாடி வேலை பார்த்தீங்களா?"

"இல்ல. இந்த மாதிரி இடத்துலதான் முப்பத்தொரு வருஷமா இருக்கேன்."

நான்குக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கடிதத்துக்கு எண் விழுந்தது. போன் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப்போன அந்த ஏழு பேரையும் கூப்பிட்டு, தபாலில் இன்றைய தேதி முத்திரை விழுந்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லச் சொன்னாள். மேலதிகாரியைக் கேட்டுவிட்டு அவரும் சொன்னார்.

மே மாதம் பதக்கம் நெவேனாவுக்கு வந்தது. ஆனால் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் ராத்கா மேடையைச் சொல்வதில்லை, மார்ச் எட்டாம் தேதி மாலையைத்தான் சொல்வாள். உணவகத்துக்குள் அவள் நுழைந்தபோது ஹோரோ ஆட்டம் மும்முரமாக இருந்தது. கை கோத்த நீண்ட வரிசை மேசைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்தது. வரிசையின் தலைப்பில், கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு, காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு, நெவேனா.

ராத்கா எட்டு விரல்களை உயர்த்தி, பிறகு நான்கைக் காட்டினாள். பதிவு எண் எண்பத்துநான்கு. பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கூச்சலிட்டார்கள். சமையல்காரர் பயந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

கர்வாலோவ் இரண்டு கிண்ணங்களோடு வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ராத்கா, நான் யோசிச்சேன். இன்னும் யாருக்கெல்லாம் எழுதாம விட்டிருக்கேன்?"

"லிஸ்ட் இருக்கு, புரொபசர்" என்று கோட்டைக் கழற்றினாள் அவள். "பெரிய லிஸ்ட். முதல்ல நான் சாப்பிடுறேன்."