முருகன் உண்டியலில் பிரசவச் செலவு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. சேரப்பணஞ்சேரியில் என் தம்பி ரவியின் வீட்டு வாசலில் ஆட்டோ நிற்கிறது. உள்ளே அவன் மனைவி செல்விக்கு வலி கண்டுவிட்டது. கிளம்ப வேண்டியதுதானே? முடியவில்லை. சாமி மாடத்திலிருந்த மண் உண்டியலை ரவி எடுக்கப் போக, எங்கள் அம்மா குறுக்கே நின்றுவிட்டார்.

“சாமி காசுடா அது. கைய வெக்காத.”

பிரசவச் செலவுக்கு முன்கூட்டியே எடுத்து வையுங்கள் என்று இதே பக்கத்தில் உபதேசம் செய்தவள் நான். என் வீட்டு லட்சணத்தைப் பாருங்கள்...

காரணம் இருக்கிறது. போன வருஷமும் செல்வி நிறைமாதம். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ரவிக்கு வேலை. ஓ.டி. பார்த்து, ஆசை ஆசையாய்த் தொட்டில், கொசுவலை, சின்னச் சின்னச் சட்டை எல்லாம் வாங்கி வைத்தான். குழந்தை தங்கவில்லை. “பொறக்கறதுக்கு முந்தியே வாங்கினாங்க இல்ல... அதான்” என்றது ஊர். டாக்டர் வேறு காரணம் சொன்னார். அது யார் காதில் விழுந்தது?

இந்தத் தடவை செல்வி ஒரே பிடிவாதம். குழந்தைக்கென்று ஒரு பைசா எடுத்து வைக்கக் கூடாது. பேச்சே எடுக்கக் கூடாது. ரவி தலையாட்டிவிட்டு, என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, வல்லக்கோட்டை முருகனுக்கென்று வீட்டில் வைத்த உண்டியலில் ஓ.டி. பணத்தைப் போட்டு வந்தான். சாமி காசை யார் தொடப் போகிறார்கள்? நல்ல ஐடியாதான் — எடுக்கும்போது அவனையே தொட விடமாட்டார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஆபரேஷன் ஆகலாம், பணத்தோடு வாருங்கள் என்று நர்சிங் ஹோமில் சொல்லியிருந்தார்கள். என் பையில் பஸ் காசுதான். ‘வேண்டுதல் இல்லம்மா, குழந்தைக்குச் சேர்த்தது’ என்று ரவி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா விலகிவிடுவார். ஆனால் செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறாளே... இந்த நேரத்தில் அதைக் கேட்டு அவள் மனசு விட்டுப் போனால்? ரவி என்னைப் பார்த்தான். எனக்கும் வாய் வரவில்லை. அவ்வளவு பயம்.

செல்விதான் பேசினாள்.

“அத்தே, குடுத்துடுங்க. அது வேண்டுதல் காசு இல்ல. இவரு எதுக்குப் போட்டுகினு இருந்தாருன்னு எனக்குத் தெரியும்.” மூச்சு வாங்கியது. “நானும் அதுலதான் போட்டேன். பால் வித்த காசு... கொழந்தைக்குத்தான்.”

அம்மா உண்டியலைத் தானே எடுத்துத் தரையில் போட்டு உடைத்தார்.

ஆபரேஷன்தான். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். எனக்கு அழுகை நிற்கவே இல்லை.

பட்ஜெட் என்றால் வெறும் கூட்டல், கழித்தல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு இருக்கும் என்று நம்பினால்தானே ஒன்றுக்குக் காசு எடுத்து வைக்க முடியும்? அந்த நம்பிக்கையை இவர்கள், பாவம், சொந்த வீட்டிலேயே ஒளித்து வைக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, “அடுத்த வாரம் வரப்போ என்ன வாங்கிட்டு வரட்டும்?” என்று கேட்டேன்.

செல்வி கொஞ்சம் யோசித்தாள்.

“ஒரு சட்டை எடுத்துகினு வாங்க அண்ணி. அளவு பெருசா எடுங்க... வளர்ற புள்ள.”