சர்வேயர் பதில் சொல்லாத ஒரு குற்றச்சாட்டு

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் சலூனில், பாதி முகம் மழித்து மீதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது. கடலூரிலிருந்து ஆரோக்கியசாமியின் மகள் ஸ்டெல்லா. "மாமா, அப்பா போய்ட்டாரு. காபி குடிச்சிட்டு பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். எந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்தார் என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. "வெளிநாட்டுச் செய்திதான் மாமா" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். ஏழு மாதமாக நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் ஒரே ஒரு விஷயத்தில் இறங்கி வந்திருந்தால் அடுத்த பஸ் பிடித்துச் செம்மண்டலத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். மனிதர் இறங்கி வராமலே போய்விட்டார். இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கடலூர் மாவட்டத்து மேடைகளைத் தெரிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் ஊருக்கே அவர் சர்வேயர்தான். நான் பள்ளித் தமிழாசிரியனாக இருந்தவன், அதனால் அவர் வாயில் நான் வாத்தியார். கோயில் திருவிழா, மாதா கோயில் தேர்பவனி, வாசகர் வட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் நாங்கள் இருவரும் போய் வழக்காடு மன்றம் நடத்துவோம். நடுவராக ஒருவர், குற்றம் சாட்ட நான், மறுத்துப் பேச அவர். எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தலைப்பு 'வல்லரசு குற்றவாளியே'. அமெரிக்காவைக் கூண்டில் ஏற்றி நான் வறுத்தெடுப்பேன். அவர் காப்பாற்றுவார்.

மேடைப் பேச்சாளர்கள் பலருக்கு இன்றைக்கு ஒரு கட்சி, நாளைக்கு ஒரு கட்சி. சர்வேயர் அப்படி மாறியதே இல்லை. ஒரு முறை திட்டக்குடியில் கூட்டம் நடத்தியவர்கள், மாற்றத்துக்காக அவரைக் குற்றம் சாட்டச் சொன்னார்கள். "நம்பாதத எப்படிப் பேசறது? எனக்கு நாக்கு பொரளாது" என்று மறுத்துவிட்டார். அமெரிக்காவில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் அவருடைய உறவுக்காரர்களே சொல்லக் கூசுகிற கருத்துகளை இவர் செம்மண்டலத்தில் கைலி கட்டிக்கொண்டு உரக்கச் சொல்வார். காகிதம் இல்லாமல் நுழைந்தவனைத் திருப்பி அனுப்புவது அரசாங்கத்தின் கடமை என்பார். அனுப்ப வருகிற அதிகாரிகளை அங்கே சில நகரத்து நிர்வாகங்களே மறிப்பதையும், நீதிமன்றங்கள் தடை போடுவதையும் படித்துவிட்டு, ஏதோ தம் தாலுகாவில் நடந்தது போலக் கொதிப்பார். "ஆக்கிரமிப்பு எடுக்கப் போற எடத்துல பஞ்சாயத்துத் தலைவரே வந்து குறுக்கப் படுத்துக்கிட்டா, சர்வேயர் அளக்கற சங்கிலிய எங்க புடிக்கறது வாத்தியாரே?" என்று என்னைக் கேட்பார், நான்தான் படுத்துக்கிடந்தவன் மாதிரி.

எல்லை என்றால் வசதியானவர்களுக்கான ஏற்பாடு என்று நான் சொல்லும்போதெல்லாம் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "பணக்காரனுக்குக் கல்லு வேணாம், அவன் மதிலே கட்டிக்குவான். முக்கால் காணி வச்சிருக்கவனுக்குத்தான் எல்லைக் கல்லு வேணும். நான் முப்பது வருசம் பாத்தவன்." இதற்கு நான் ஒருநாளும் சரியான பதில் சொன்னதில்லை. போர்க்கப்பல்களையும் குண்டுவீச்சையும் பற்றிக் கேட்டால், "பெரிய நாடு கொரலக் கொறச்சா இன்னொரு பெரிய நாடு ஒசத்தும். அது எதுன்னு தெரியாம ஏன் ஆசப்படறீங்க?" என்பார். குண்டு விழுந்த வீட்டுக்காரனிடம் போய் இதைச் சொல்லுங்கள் என்பேன். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே பஸ்ஸில் நாங்கள் போட்ட சத்தத்தில் ஒரு கண்டக்டர், "அமெரிக்காவ கொஞ்சம் எறக்கி வச்சிட்டு டிக்கெட்ட எடுங்க சார்" என்றார். பஸ்ஸே சிரித்தது. சர்வேயர் மட்டும் சிரிக்காமல் தொடர்ந்து பேசினார்.

கடலூருக்குப் பக்கத்து மீனவர் ஊர் ஒன்றில் அம்மன் திருவிழா. அமெரிக்கா இறால் மீது வரியை ஏற்றி, இங்கே விலை படுத்துக் கிடந்த நேரம். இன்றைக்கு மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டால்தானே? அவர் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில், முன்வரிசையில் இருந்த மீன்காரப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க எறால வாணாங்கறான். அவனுக்கா நீ வக்காலத்து வாங்கற?" என்று கேட்டுவிட்டாள். கூட்டம் ஓவென்றது. சர்வேயர் மைக்கை விடவில்லை. "வாங்கறேம்மா. அவன் கடல்ல புடிக்கறவன் பொழைக்கட்டும்னு அவன் பாக்கறான். வெளியூர் படகு வந்து உங்க கடல்ல வலை போட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?" அவள் யோசிக்கவே இல்லை. "அப்ப நீ அவன் வூட்லயே போய் சோறு துன்னு!" என்றாள். கூட்டம் முடிந்ததும் அவள் வீட்டில்தான் எங்கள் இருவருக்கும் சாப்பாடு. குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் திட்ட, அவர் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்ல, அது ஒரு இரண்டாவது வழக்காடு மன்றமாக நடந்தது. அவரை வெறுக்க முடியாதபடி அவர் இருந்ததுதான் எனக்குப் பெரிய தொந்தரவு.

பிறகுதான் அந்த வழக்கு என் வீட்டுக்குள் வந்தது. என் தங்கை மகன் பிரபு, முப்பத்திரண்டு வயது, திட்டக்குடிக்காரன். ஒரு ஏஜெண்டை நம்பி நாலைந்து நாடுகள் சுற்றி, அமெரிக்க எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டினான். பிடித்து முகாமில் வைத்து, கையில் விலங்கும் இடுப்பில் சங்கிலியுமாக விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். சொந்தத் தெருவில் நடக்கக் கூசி, சிதம்பரத்தில் என் வீட்டு மாடியறையில் வந்து தங்கினான். சரியாகச் சாப்பிடமாட்டான். யார் வந்தாலும் கீழே வரமாட்டான்.

விஷயம் தெரிந்து சர்வேயர் வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மாடிக்கு அழைத்துப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுதான போன தம்பி?"

"தெரிஞ்சுதான் சார்."

"அப்ப அவுங்க அனுப்புனது சரி. நீ போனது தப்பு."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "விலங்கு? அதுவும் சரியா? இவன் என்ன கொலையா பண்ணிட்டான்?" என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பினார். "எல்லாரையும் ஒரே மாதிரி பூட்டறாங்க வாத்தியாரே. ஆளப் பாத்துப் பூட்டுனாதான் அநியாயம்" என்றார். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற மனிதர் பேசுகிற பேச்சா இது? காபியைக்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அன்றைக்கு அவர் போன பிறகு பிரபு கீழே வந்து இரண்டு வேளைச் சோற்றை ஒரு வேளையில் சாப்பிட்டான் என்பதை நான் கவனித்தேன். அதற்கு அர்த்தம் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து சிதம்பரத்திலேயே ஒரு பள்ளி மண்டபத்தில் எங்கள் கூட்டம். அதே தலைப்பு. ஆறு குற்றச்சாட்டுகளை வழக்கம்போல அடுக்கினேன். ஏழாவதாகப் பிரபுவை எடுத்தேன். பெயர் சொல்லவில்லை, என் தங்கை மகன் என்றேன். சிதம்பரத்தில் அது போதாதா? முகாமில் நடந்தது, விமானத்தில் நடந்தது, அவன் என்னிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னது அத்தனையையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று சர்வேயரைப் பார்த்துக் கை நீட்டிவிட்டு உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு இனித்தது.

அவர் எழுந்து வந்தார். மண்டபத்தின் பின்பக்கம் ஒரு முறை பார்த்தார். "நடுவர் அவர்களே, ஆறு குற்றச்சாட்டுக்கு எங்கிட்ட பதில் இருக்கு. ஏழாவதுக்குச் சொல்ல மாட்டேன். அது ஒரு ஆளோட சொந்த விஷயம். அந்த ஆளு என்ன வக்கீலா வெக்கல. வாத்தியாரையும் வெச்சிருப்பாருன்னு எனக்குத் தோணல" என்றார். அந்த ஆறுக்கும்கூடப் பதில் சொல்லாமல் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பதில் இல்லாமல் மடங்கிவிட்டார் என்று கூட்டம் கை தட்டியது. குற்றவாளியே என்று நடுவர் தீர்ப்புச் சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார். கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே பிரபு உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. சர்வேயர் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்குப் போனபோது அவன் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "அவரு என்னத் திட்டுனாரு மாமா. ஆனா எங்கிட்டயே திட்டுனாரு. நீங்க எனக்காகப் பேசுனீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல" என்றான். உனக்கு நியாயம் கிடைக்கத்தானே பேசினேன் என்றேன். "எனக்கு எங்க கெடச்சிது? சால்வ உங்களுக்குக் கெடச்சிது" என்று சொல்லிவிட்டுத் திட்டக்குடி பஸ் ஏறிவிட்டான். அதன் பிறகு நான் போன் செய்தால் எடுக்கமாட்டான். தங்கைதான் எடுத்து, நல்லா இருக்கான் என்று சொல்லி வைத்துவிடுவாள்.

நியாயமாகப் பார்த்தால் என் மீதே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சர்வேயர் மீதுதான் வந்தது. நல்லவர் வேஷம் போட்டு என் வீட்டுப் பிள்ளையைப் பிரித்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு முறை போன் செய்தார், எடுக்கவில்லை. ஒருநாள் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம்.

"தம்பிகிட்ட போய்ப் பேசுனீங்களா?" என்றார்.

"வெலங்கு போட்டது தப்புன்னு நீங்க ஒத்துக்குங்க. நான் போய்ப் பேசறேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னா வாத்தியாரே சம்பந்தம்?"

ரயில் வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன். ஒரு தங்கை மகனிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் எதிராளி தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டவன் நான். மேடையில் வயதைத் தொலைத்தவனுக்குத்தான் இப்படிப் புத்தி போகும். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

சாவுக்குப் போனேன், பாதி மழித்த முகத்தைச் சரிசெய்துகொண்டு. பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்களில் பிரபுவும் இருந்தான். அவனுக்கு ஸ்டெல்லா போன் செய்திருக்கிறாள். கல்லறையில் எல்லாம் முடிந்து திரும்பும்போது பக்கத்தில் நடந்தேன். "சர்வேயரோட பேசிட்டு இருந்தியா?" என்றேன். "அப்பப்ப பேசுவாரு. பேசுனா சண்டதான்" என்றான். "எதுவும் மாறினாரா?" என்று கேட்டேன், அப்போதும் தீர்ப்பை எதிர்பார்த்து. "அவரா? கடேசி வரைக்கும் நான் போனது தப்பு, அவுங்க அனுப்புனது சரி, அதேதான்" என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. மன்னித்துவிடு பிரபு என்றேன். நிபந்தனை எதுவும் போடவில்லை. அவன் பஸ் நிலையம் வரை கூடவே வந்தான்.

அவருடைய கருத்துகளில் ஒன்றையும் நான் ஏற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அஞ்சலி என்பதற்காக ஒரு மனிதரின் பிடிவாதத்தைக் கொள்கை உறுதி என்று மெழுகமாட்டேன். அவரும் அதை விரும்பமாட்டார். ஊர் ஊராக எனக்கு எதிரே நின்ற மனிதர், ஒரே ஒரு முறை என் மேல் வைத்த குற்றச்சாட்டு, நான் கேட்காமல் பேசினேன் என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான்: ஒருவனைப் பற்றிப் பேசும் முன் அவனிடம் கேட்பது.

அதனால் இதை அச்சுக்கு அனுப்பும் முன் திட்டக்குடிக்குக் கொண்டுபோய்ப் பிரபுவிடம் கொடுத்தேன். விமானத்தில் நடந்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். சிதம்பரம் மண்டபத்தை அழ வைத்த பத்தி. இந்தக் கட்டுரையிலேயே நான் நன்றாக எழுதியிருந்தது அதுதான். படித்துவிட்டு, "இது வாணாம் மாமா" என்றான். எடுத்துவிட்டேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். தாள்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினான். "ஒண்ணு சேக்கணும். வெலங்கு போட்டது தப்புதான்னு நானே அவருகிட்ட கடேசி வரைக்கும் சொன்னேன். அதப் போடுங்க" என்றான். போட்டுவிட்டேன்.