லைசன் இல்லாத தொண்டை

நேற்றுக் கைபேசியில் ஒரு விளம்பரம்: 'முருங்கனில் காணி விற்பனைக்கு. தரகர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்.' படித்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். நான் காணி வாங்குகிறவனுமல்ல, விற்கிறவனுமல்ல. முருங்கனும் காணியும் ஒரே வரியில் வந்தால் என் கைக்கு அப்படியொரு பழக்கம்.

அந்த நாட்களில் மன்னாரில் சூசை ஐயா என்ற ஏலக்காரரிடம் எழுதுவினைஞனாக இருந்தேன். ஏலக்காரரென்றால் அரசாங்க லைசன் வேண்டும். ஐயா அதைக் கண்ணாடி போட்டு, கந்தோர்ச் சுவரில் திருக்குடும்பப் படத்துக்குச் சற்றுக் கீழே மாட்டியிருந்தார். முன்கூட்டியே அறிவித்தல் ஒட்டவேண்டும், மணி அடிக்கவேண்டும், எல்லார் காதிலும் விழ மூன்றுதரம் கேட்கவேண்டும். காணித் தரகருக்கு இதொன்றும் இல்லை. வேலுப்பிள்ளைத் தரகரிடம் இருந்தது ஒரு குடை மட்டுந்தான். வாங்குபவர் காதில் ஒன்றும் விற்பவர் காதில் வேறொன்றும் சொல்லிவிட்டு, இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடிப்பார்.

ஒருநாள் முருங்கனில் வீட்டு ஏலம். சகோதரர்கள் பங்கு கேட்டு வழக்குப் போட, வீட்டை ஏலத்தில் விற்கும்படி நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. அதிலேயே குடியிருந்த மூத்தவர் பாக்கியம் அக்கா, வீட்டைத் தானே எடுப்பதற்காக நகையெல்லாம் விற்றுவிட்டு முற்றத்தில் நின்றார். அன்றைக்கென்று ஐயாவின் தொண்டை அடைத்துவிட்டது.

"ஏலத்தை நீ கூப்பிடடா. நான் பக்கத்தில நிக்கிறன்" என்றார், வெறுங்காற்றாக.

வேலுப்பிள்ளைத் தரகர், வீடு வாங்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, உமக்கும் லைசன் இல்லை, எனக்கும் இல்லை. நானெண்டால் சத்தம் போடுறதில்லை."

நான் அவசரமாக மணியை அடித்தேன். நான் பேசாலைப் பிள்ளை. அப்பா கடற்கரையில் மீன் ஏலம் கூறி விற்பவர். மீன் வெயிலில் கிடப்பதால் அங்கே மூன்று தரமும் ஒரே மூச்சில் போய்விடும். பயத்தில் எனக்கும் அந்த மூச்சுத்தான் வந்தது. தரகரின் ஆள் ஒரு விலை சொன்னார். பாக்கியம் அக்கா வாயைத் திறந்து முடிக்குமுன், வீட்டைச் சூடைமீன் குவியல் மாதிரி அந்த ஆளுக்கே தள்ளிவிட்டேன்.

அக்கா திறந்த வாயை மூடவில்லை.

ஐயா என் கையிலிருந்த மணியைப் பிடுங்கி அடித்தார். "இவனுக்கு லைசன் இல்லை. இவன் கூப்பிட்டது ஏலமில்லை." பிறகு அந்தக் காற்றுக்குரலிலேயே முதலிலிருந்து தொடங்கினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தது. ஒவ்வொரு தரத்துக்கும் நடுவில் ஒரு செபமாலை சொல்லி முடிக்கலாம். வீடு அக்காவுக்கே விழுந்தது.

ஆனால் ஐயா எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டது, லைசன் இல்லாதவனைக் கூப்பிடவிட்ட தன்னுடைய குற்றத்தையுந்தான். தரகர் ஒரு முறைப்பாடு எழுதினால் லைசன் சுவரிலிருந்து இறங்கிவிடும்; அக்காவின் வீடும் திரும்ப ஏலத்துக்கு வரலாம். தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நான் அலுமாரிக்குப் பின்னால் போய், இல்லாத எதையோ தேடுவேன். ஐயா தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே பிடித்தபடி குடிக்காமல் இருப்பார்.

ஒரு மாதம் கழித்துத் தரகரே கந்தோருக்கு வந்தார்.

"எழுதத்தான் இருந்தனான், சூசையர். படிவமும் எடுத்தனான். பேர் எழுதினன், விலாசம் எழுதினன். அடுத்தது தொழில் எண்டு கேட்டிருக்கிறாங்கள். அதில நான் என்னத்தை எழுதிறது?"

அதற்குப் பிறகுதான் ஐயா அந்தக் கோப்பையைக் குடித்து முடித்தார்.

பின்னால் வந்த சண்டையில் கந்தோர் போயிற்று. ஐயாவும் இப்போது இல்லை. பாக்கியம் அக்கா முகாம் முகாமாக அலைந்து ஊர் திரும்பினார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. வீடு நின்ற இடத்தில் இடுப்பளவு நாயுருவி. அக்கா என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"அண்டைக்கு உன்ர கத்தலோடயே விட்டிருக்கலாம், தம்பி. இந்தக் கவலை வேலுப்பிள்ளையின்ர ஆளுக்கெல்லோ வந்திருக்கும்."